காட்டுப் படையிலிருந்து வந்த மாப்பிள்ளை

ஐதராபாத் சமஸ்தானத்துக் கிராமங்களில் விவசாயிகள் நிஜாமுக்கும் ஜமீன்தார்களுக்கும் எதிராகத் துப்பாக்கி தூக்கியிருந்த காலம். அந்தப் படையில் சண்டையிட்டுக் காலில் குண்டடிபட்ட ஒருவரை, ஜோலார்பேட்டையில் ரயிலிலிருந்து இறக்கி, ஆம்பூரில் எங்கள் வீட்டில் ஒளித்துவைக்கக் கூட்டி வந்தான் அண்ணன். அண்ணனுக்குத் தோல் பதனிடும் டேனரியில் வேலை. செங்கொடிச் சங்கத்து ஆள்.

"தெருவுல கேட்டா இன்னாடா சொல்றது?" என்றாள் அம்மா.

"தங்கச்சிக்குப் பாத்த மாப்ளன்னு சொல்லு. சித்தூர் பக்கம்னு சொல்லு."

அந்தத் தங்கச்சி நான்தான். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வந்தவர் உள்ளே நுழைந்ததும் குபுக்கென்று வாந்தி எடுத்தார். எங்களுக்கெல்லாம் மூக்கில் உறைக்காத டேனரி நாற்றம்தான் காரணம். "குண்டு பட்டு சாகலம்மா. இந்த வாசனைல செத்துப்பூட்றேன்" என்று தெலுங்குத் தமிழில் முனகினார். எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியாமல் கொல்லைப்பக்கம் ஓடினேன்.

பக்கத்து வீட்டு பீபியம்மா, "மாப்ள ரொம்ப எளச்சிட்டாரு, ஜாஸ்தி போடு" என்று சட்டியோடு பிரியாணி கொடுத்தனுப்பினாள். அவரோ ஜமீன்தார்கள் ஊரைவிட்டு ஓடியதையும், நிலத்தைக் கயிறு பிடித்து அளந்து பங்கிட்டதையும், பெண்கள் துப்பாக்கி சுட்டதையும் எங்களுக்குச் சொன்னார். நான் உலக்கையைத் தோளில் சாய்த்துக் குறி பார்த்தேன்.

"நெல்லைக் குத்துடி. யாரைச் சுடப்போற?" என்றாள் அம்மா.

முதலில் வந்த சேதியெல்லாம் வெற்றிதான். இன்னொரு ஊர் படையின் பக்கம் வந்துவிட்டது என்று அண்ணன் சொல்லும்போதெல்லாம் வீட்டில் பாயசத்துக்கு வெல்லம் கரையும். பிறகு இந்திய ராணுவம் உள்ளே போய் நிஜாமைப் பணியவைத்தது. அன்றைக்கும் குதித்தோம். ஆனால் ராணுவம் திரும்பவில்லை. விவசாயிகளின் படையைத் தேடிப் பிடிக்க ஆரம்பித்தது. சோறு போட்ட ஊர்கள் பயந்து கதவைச் சாத்தின. படைக்குள்ளேயே போதும் என்று சிலர், போராடுவோம் என்று சிலர். மிஞ்சியவர்கள் காட்டுக்குள் ஒதுங்கினார்கள். கால் புண் ஆறிய இவர் திரும்பிப்போக மூட்டை கட்டும்போதெல்லாம், "இப்போ வராதே" என்று சொல்லவே ஆள் வந்தது. இப்படியே மூன்று வருஷம் ஓடியது.

கடைசியில் படையை நடத்திய கட்சியே சண்டையை நிறுத்திவிட்டது என்று சேதி வந்தது. இவர் கிணற்றடியில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் துக்கம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் இந்த மனிதர் இனிச் சாகமாட்டார் என்று நெஞ்சு துள்ளியது.

"இப்போ நான் எங்க போறது?"

"எங்கயும் போவாதீங்க. தெருவே உங்கள மாப்ளன்னு சொல்லுது. இல்லன்னு ஆனா எனக்குத்தான் பேஜாரு."

ஈரக் கண்ணோடு என்னையே பார்த்தார். பிறகு விக்கல் வரும்வரை சிரித்தார். உள்ளிருந்து அம்மா, "இன்னாடி சத்தம் அங்க?" என்றாள்.

நாட்டின் முதல் பொதுத் தேர்தலும் எங்கள் கல்யாணமும் சேர்ந்தே வந்தன. அவருடைய தோழர்கள் துப்பாக்கியை வைத்துவிட்டு ஓட்டுக் கேட்கக் கிளம்பியிருந்தார்கள். எங்கள் ஊர்வலம் கடைத்தெருவில் திரும்ப, எதிரே சங்கத்தின் தேர்தல் ஊர்வலம். இரண்டு மேளமும் கலந்துவிட்டன. மாலையோடு இவர் கோஷம் போட, நானும் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கத்தினேன். யாருக்கு ஓட்டு என்று தெரியாமலே பீபியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினாள்.