சகாயசெல்வி சுமந்த மணல்

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. அவன் வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளை பெயிண்டு மட்டும் இன்னும் எங்கள் கடற்கரைப் பெண்களின் தலையில் ஏறித்தான் போனது. எங்கள் கருமணலிலிருந்துதான் அதைச் செய்கிறார்களாம். குளச்சலுக்குக் கப்பல் வந்தால் மணல் சுமக்கிற வேலை உண்டு. வராவிட்டால் மரச்சீனிக் கிழங்குக்கும் வழியில்லை.

சகாயசெல்வி அப்படிச் சுமந்தவள். கணவன் ஏசுஅடிமையின் முதுகில் கட்டுமரம் புரண்டதில் அவன் படுத்த படுக்கையாகி இரண்டு வருஷம். கடலுக்கும் அவர்களுடைய ஓலைவீட்டுக்கும் நடுவில் ஆள் உயர மணல்மேடு ஒன்று இருந்தது. அதுதான் வீட்டுக்குக் காவல்.

அந்த மாசியில் கப்பல் வந்து நின்றது. கரையில் கிடந்த கருமணலையெல்லாம் வாரியும் போதவில்லை. மேஸ்திரி குமாரதாஸ் அந்த மேட்டைப் பார்த்தார்.

“மேஸ்திரி, அதை எடுத்தா கடலு எனக்க வீட்டுக்குள்ள வந்துரும்,” என்றாள்.

“ஆடியில கடலே மணலைத் திரும்பக் கொண்டு போடும், ஏட்டி. கப்பலு நிறையாம போச்சுன்னா இனி இந்தப் பக்கம் வராது. பெறவு எல்லாருக்கும் பட்டினிதான். உனக்க இஷ்டம்.”

ஊரே அவள் முகத்தைப் பார்த்தது. இதற்குப் பெயர் இஷ்டமாம்! முதல் வெட்டை அவளே வெட்டினாள். நான்கு நாளில் மேடு தரையாயிற்று. கப்பல் ஊதிவிட்டுப் போனது.

அதன்பிறகு மாதக்கணக்கில் கப்பலே இல்லை. சீமையில் விலை இறங்கிவிட்டதாம். யார் இறக்கினார்கள், எதற்கு இறக்கினார்கள் என்பது மேஸ்திரிக்கும் தெரியாது. ஆடியில் கடல் வந்தது. கணவனைப் பாயோடு இழுத்துக்கொண்டு போய் மாதா கோயில் வராந்தாவில் சேர்த்தாள். திரும்பிப் பார்த்தபோது வீட்டுக் கூரை தண்ணீரில் மிதந்தது.

மேஸ்திரி சொன்னதும் பொய்யில்லை. கடல் மணலைக் கொண்டுவந்து போட்டது. வீடு இருந்த அதே இடத்தில், முழங்கால் உயரத்துக்கு, கன்னங்கரேலென்று. புரட்டாசியில் கப்பல் வருவதாகத் தகவல் வந்ததும் குமாரதாஸ் மணல் எடுக்கிற இடத்துக்கு அடையாளமாக அங்கேதான் கொடிக்கம்பை நட்டார். சகாயசெல்வி ஓலைப்பெட்டியை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். வேறென்ன செய்வாள்? மூன்றாம் நாள் அடுப்புக்கல் தட்டுப்பட்டது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, அடியில் இருந்த மணலையும் வாரினாள்.

அன்று சாயங்காலம் வராந்தாவில் கஞ்சி ஊட்டும்போது ஏசுஅடிமை கேட்டான்: “இண்ணைக்கு மணலு எங்கேருந்து எடுத்தே?”

“நம்ம அடுக்களையிலேருந்து,” என்றாள்.