எருமையிடம் சொன்ன சேதி

காளியண்ணன் இருமினால் அது சுருட்டு இருமல். அவருடைய மருமகள் சென்னம்மாள் இருமினால் அது சயரோகம். மல்லசமுத்திரத்துக்கு மேற்கே இருந்த அந்தத் தோட்டத்து வீட்டில் இதுதான் வைத்திய சாஸ்திரம். பெரிய மனுஷர் இருமினால் மரியாதை. வாக்கப்பட்டு வந்தவள் இருமினால் குடும்பத்துக்கே கேடு. என்ன நியாயமோ போங்கள்!

சென்னம்மாளுக்கு சயரோகம் வந்தது பொய்யில்லை. அறுபத்திரண்டாம் வருஷம், மகள் பாவாயி பால்குடி மறக்காத சமயத்தில், அவள் துப்பிய சளியில் ரத்தம் தெரிந்தது. புருஷன் மணியன் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகிவிடும் என்று தெளிவாகத்தான் சொன்னார். மணியன் தலையைத் தலையை ஆட்டினான். ஊர் திரும்பியதும் அவளை நேரே வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டும் கட்டுத்தறிக்குக் கூட்டிப் போனான். எருமைக்குப் பக்கத்தில் ஓலைத் தட்டி வைத்து மறைத்து, ஒரு பாயும் ஈயத் தட்டும் போட்டிருந்தது. காளியண்ணன் போட்ட உத்தரவு. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே இங்கே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

மணியனின் அக்கா குப்பாயி, புருஷன் செத்துப் பிறந்த வீட்டோடு வந்துவிட்டவள், வேளா வேளைக்குச் சோற்றைக் கொண்டுவந்து எட்ட நின்று தட்டில் போடுவாள். பாவாயி அவள் இடுப்பில் இருப்பாள். சென்னம்மாள் ஒரு அடி முன்னால் வைத்தால், "அங்கயே நில்லு! புள்ளைக்கு ஒட்டவெக்கறதுக்கா?" என்று கத்துவாள். குழந்தை முதலில் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டியது. பிறகு நீட்டுவதை விட்டுவிட்டது. சென்னம்மாள் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, மார்பில் கட்டிய பாலைச் சாணத்தில் பீய்ச்சிவிட்டு அழுதாள்.

மாத்திரை கொண்டுவருகிறவள் அன்னாள், சேலத்து ஆஸ்பத்திரி நர்ஸ், ஏசுவைக் கும்பிடும் வேதக்காரப் பெண். பஸ்ஸை விட்டு இறங்கி வண்டித் தடத்தில் நடந்து வருவாள். வருஷம் ஒன்று ஆகப்போகிறது, பாவாயி பேசவும் தொடங்கிவிட்டாள். இன்னும் சென்னம்மாள் கட்டுத்தறியிலேயே கிடப்பதைப் பார்த்து ஒரு நாள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வாசலில் கட்டில் போட்டுச் சுருட்டுப் புகைத்துக்கொண்டிருந்த காளியண்ணனிடம் போனாள்.

"ஐயா, மெட்ராஸ்ல ஆராய்ச்சி பண்ணிப் பாத்துட்டாங்க. கொஞ்சம் பேர ஆஸ்பத்திரில வச்சும், கொஞ்சம் பேர வீட்லயே விட்டும் ஒரே மருந்தக் குடுத்தாங்க. ரெண்டு பக்கமும் நல்லாத்தான் குணமாச்சு. வீட்ல கூட இருந்தவங்களுக்கு அதனால அதிகமா ஒட்டல. மருந்து சாப்பிடற ஆளுக்குப் பயப்பட வேண்டாம். மருந்தில்லாம இருமற ஆள் யாராச்சும் இருந்தா அதுக்குத்தான் பயப்படணும். வீட்ல எல்லாருமே சளி குடுத்துப் பாக்கணுங்க."

காளியண்ணன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "ஏனம்மிணி, அந்த மெட்ராசுக்காரனுக்குப் பேத்தி இருக்குதா? எனக்கு இருக்குது. போயிட்டு வாங்க சாமி."

பேத்திமேல் அவருக்கு உயிர். அதில் குற்றம் சொல்ல முடியாது. குளிருக்குத் தன் கம்பளிக்குள்ளேயே சேர்த்துப் படுக்கவைத்துக்கொள்வார். மூச்சு முட்ட முட்ட இருமுவதும் அதே கம்பளிக்குள்தான்.

அன்னாள் சொன்னதைத் தட்டிக்குப் பின்னாலிருந்து கேட்ட சென்னம்மாள் மாமனாரின் இருமலை நினைத்துப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கேட்ட இருமல் அது. அவர் துப்பிய இடத்தில் சாம்பல் போட்டுக் கூட்டியவளே அவள்தான். மணியன் தவிடு எடுக்க வந்தபோது மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"ஏனுங்க, மாமாவுக்கும் ஒருக்காப் பாத்துட்டா..."

"எங்கய்யன எதுக்கு இழுக்கற? உனக்கு வந்த சீக்க அவரு தலையில கட்டறயா?" என்று எரிந்து விழுந்தான்.

மாமனாரிடம் நேரே சொல்ல வழியில்லை. அந்த வீட்டில் மருமகள் மாமனாரோடு பேசுகிற வழக்கமே கிடையாது. ஏதாவது சொல்லியாக வேண்டுமானால் அவர் காதில் விழும்படி வேறு எதனிடமாவது சொல்ல வேண்டும். முன்பெல்லாம், "பாவாயி, சோறு ஆறுதுன்னு அப்பார்கிட்டச் சொல்லு" என்று பேசத் தெரியாத குழந்தையிடம் சொல்வாள். குழந்தைக்கு அப்பார், அதாவது தாத்தா, எழுந்து சாப்பிட வருவார். இப்போது குழந்தையும் கையில் இல்லை. எருமைதான் இருந்தது.

மறுநாள் காலையில் காளியண்ணன் பால் கறக்க வந்து உட்கார்ந்தார். தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து சென்னம்மாள் பேசினாள்.

"ஏ எருமெ, கேட்டுக்க. நானாவது மாத்திரை முழுங்கிட்டு உங்கூடக் கெடக்கறேன். நான் இந்த ஊட்டுக்கு வந்தப்பவே இங்க ஒருத்தரு இருமிக்கிட்டுத்தான இருந்தாங்க? அவங்க கம்பளிக்குள்ளதான எம் புள்ள படுத்துக்குது? அதுக்கு ஒண்ணுன்னா ஆரு எருமெ பதில் சொல்றது?"

பால் பீய்ச்சும் சத்தம் நின்றது. எருமை திரும்பிப் பார்த்தது. பிறகு சத்தம் மறுபடி கேட்டது. அவர் செம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மணியன் வந்து அடிக்கப் போகிறான் என்று அவள் அன்றெல்லாம் பயந்து செத்தாள். யாரும் வரவில்லை. அடுத்த முறை அன்னாள் வந்தபோது காளியண்ணன் தாமாகவே சளி டப்பாவைக் கேட்டு வாங்கினார். சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் போய்ச் சளியைத் துப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரையும் பரிசோதித்தார்கள். முடிவு வந்தது. பெரியவர் சளியில் கிருமி நிறைய இருந்தது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. சென்னம்மாளின் சளியிலோ இப்போது கிருமியே காணோம்.

மாமனாருக்கு நோய் என்றதும் அவள் சந்தோஷப்பட்டாள். பாவந்தான், ஆனால் பட்டாள். இனிமேல் தன்னை மட்டும் எப்படி இங்கே போட்டுவைப்பார்கள் என்று பாயைக்கூடச் சுருட்டி வைத்துவிட்டாள்.

சாயங்காலம் மணியன் வேலியோரம் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. "ஐயன ஊட்டுலயே வெச்சு மருந்து குடுத்தாப் போதுமாங்க. மெட்ராஸ்ல ஆராய்ச்சியே பண்ணிப் பாத்துட்டாங்களாமா! மருந்து சாப்பிட்டா ஊட்டுல இருக்கறவங்களுக்குப் பயமில்லையாமா!"

அடப்பாவி! அன்னாள் சொன்னது அத்தனையும் ஞாபகம் இருந்திருக்கிறது.

அவன் உள்ளே திரும்பியபோது சென்னம்மாள் தட்டியைத் தள்ளிவிட்டு வந்து நின்றாள். "அப்ப நானு?"

மணியன் அவளைப் பார்க்காமல் சொன்னான்: "உனக்குத்தான் கட்டுத்தறி பழகிப்போச்சே புள்ள."

அவள் பாயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். குப்பாயி கதவு நிலையில் கையை வைத்துக் குறுக்கே நின்றாள். "ஐயன் படுத்திருக்காரு, எங்க வார?"

"அவரு முழுங்கற மாத்திரையத்தானுங்க நானும் முழுங்கறேன். என்னைய வெளிய தள்ளறதுன்னா அந்தக் கட்டிலையும் சேத்துத் தூக்குங்க!"

மாமனார் காதுபட, யார் பேரையும் சாக்கு வைக்காமல் அவள் பேசிய முதல் பேச்சு. நடுவில் எருமை இல்லை. குப்பாயி கையை எடுத்தாள். மணியன் வாசலிலேயே நின்றுவிட்டான். சென்னம்மாள் சுவரோரம் பாயை விரித்து உட்கார்ந்து, மகளைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

பாவாயி ஓடிப்போய்க் கட்டிலில் ஏறிக்கொண்டாள். "அப்பாரு, கட்டுத்தறியம்மா உள்ள வந்திருச்சு! தொரத்துங்க அப்பாரு!"

காளியண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. குழந்தை தன் சின்னக் கையால் அவர் நெஞ்சைத் தடவிவிட்டது. சென்னம்மாள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.