சிவப்பு மையில் அடித்த கோடு

சிங்கப்பெருமாள் கோயில்காரர்கள் அலமேலுவை 'பாசி டாக்டர்' என்பார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. கொளவாய் ஏரியில் பச்சையாக மிதக்கும் பாசியை பாட்டிலில் பிடித்துக்கொண்டு, கல்பாக்கம் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ஸ்டாஃப் பஸ்ஸில் போவாள். அதில் ஒரே ஒரு செல்லைக் கண்ணாடிக்குழாய் நுனியில் பிடித்து, வெளிச்சம் அடித்து, எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று பார்ப்பது அவள் வேலை. மூளையும் இல்லாமல் நரம்பும் இல்லாமல் அந்தப் பாசி வெளிச்சத்தைத் தேடி நீந்துமே, அது எப்படி?

விவசாயி மகள் பயோபிசிக்ஸ் படித்ததே அண்ணன் எல்லப்பனால்தான். பதினெட்டு வயதில் மங்க ஆரம்பித்த அவன் பார்வை இருபத்தைந்தில் போய்விட்டது. துளி வெளிச்சம் தெரிந்தாலும் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள், ஏதாவது செய்து பார்க்கலாம் என்று மெட்ராஸ் கண் டாக்டர் சொல்லியிருந்தார். எல்லப்பன் ரயில்வே கேட் அருகே எஸ்டிடி பூத் நடத்தினான்; பேசிய நேரத்தையும் காசையும் சிவப்பு எழுத்தில் காட்டும் மீட்டர் அவன் மேஜைமேல் இருக்கும்.

1990, ஆடி மாதம். வெளிச்சம் விழுந்த அதே கணத்தில், மின்சாரத்தைக் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப் திரையில் கோடு துள்ளியது. வெளிச்சத்தைப் பிடிப்பதும், அயனிகள் உள்ளே நுழையக் கதவு திறப்பதும் ஒரே புரதம்தானோ? ஆனால் மின்சாரத்தை அளக்கக் குழாய்க்குள் விட்டிருக்கும் வெள்ளிக் கம்பியில் வெளிச்சம் பட்டாலும் கோடு துள்ளும். இந்த வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஏமாற்று அது. செல்லை எடுத்துவிட்டு வெறும் கம்பிமேல் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும், பத்து நிமிஷ வேலை. ஐந்து பத்துக்கு பஸ். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடிவிட்டாள்.

மறுநாள் அவளுடைய வழிகாட்டி தாமோதரன் சார், திரையில் துள்ளிய கோட்டை அவள் எடுத்து வைத்திருந்த படத்தைப் பார்த்தார். இவ்வளவு வேகமாக எந்த உயிரும் பதில் சொல்லாது, கம்பிதான் என்றார். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அவர் சொன்ன பிறகு சோதித்தால் அவரை நம்பாத மாதிரி ஆகிவிடுமே! நோட்டில் ஒட்டிய படத்தின் குறுக்கே அலமேலு தானே சிவப்பு மையில் கோடு போட்டாள்.

அன்று சாயங்காலம் கடுகடுவென்று பூத்துக்கு வந்தவளிடம் எல்லப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான், "அலமேலு, மீட்டர்ல செவப்பா இன்னாவோ தெரியிற மாரி கீது."

"அது உன் நெனப்புண்ணா," என்றாள் அவள், மீட்டர் பக்கம் திரும்பாமலே.

அவள் வேறு தலைப்பில் பட்டம் வாங்கி அங்கேயே வேலைக்கும் சேர்ந்தாள். திரையில் துள்ளிய அந்தக் கோடு மட்டும் அவளை விடவில்லை. பஸ் கண்ணாடியில் மழைத்துளி வழிந்தால் அது தெரியும். சோறு வடிக்கும்போது தெரியும். பேய் பிடித்தவர்களுக்காவது வேப்பிலை அடிக்க ஆள் உண்டு, இவளுக்கு யார் அடிப்பார்கள்?

2003இல் வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று வந்தது. பாசியில் வெளிச்சத்தைப் பிடிக்கும் புரதமே கதவும்தான் என்று யாரோ நிரூபித்திருந்தார்கள். அலமேலு இரண்டு முறை படித்தாள், தண்ணீர் குடித்தாள், பழைய நோட்டை எடுத்தாள். அதே ஏரிப் பாசி, அதே மாதிரி கம்பி. செல்லோடு அடித்தபோது கோடு துள்ளியது. வெறும் கம்பிமேல் அடித்தபோது அசையவே இல்லை. பதின்மூன்று வருஷம் தள்ளிப்போட்ட வேலை, பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் கோபித்துக்கொள்ளலாம் என்றால் தாமோதரன் சாரும் உயிரோடு இல்லை.

அன்றும் ஐந்து பத்து பஸ்ஸில்தான் வந்தாள். நேரே பூத்துக்குப் போய் அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கோடு நிஜம், சோதிக்காமலே பொய் என்று அடித்துவிட்டேன் என்று அழுதாள். எல்லப்பன் கேட்டு முடித்துவிட்டு மீட்டரின் மேல் கை வைத்தான்.

"அப்போ அந்தச் செவப்பு?"

அலமேலு மீட்டர் ஸ்விட்சை அணைத்தாள், போட்டாள். தெரிகிறதா என்று கேட்டாள்.

"இப்போ ஒண்ணியும் தெரியல," என்றான் எல்லப்பன். "நீ சொன்ன பெறவும் ரெண்டு வருசம் தெரிஞ்சிகினுதான் இருந்துச்சி. படிச்சவ, நீயே நெனப்புன்னு சொல்ட்டியேன்னு நான் யாராண்டயும் சொல்லல."