நரி போட்ட மனு

எல்லை பிரிக்கிற காலம் அது. புத்தூர்ப் பக்கத்துக் கிராமங்கள் ஆந்திரத்தில் இருக்குமா, மெட்ராஸோடு சேருமா என்று ஊர் ஊராக மனு எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். தலைமையாசிரியர் தெலுங்குக்காரர், நல்ல மனிதர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "இன்ஸ்பெக்டர் வர்றாரம்மா. உங்க பிள்ளைங்க சொந்தமா ஒரு பக்கம் எழுதிக் காட்டலைன்னா ஜூன்ல தமிழ் கிளாஸ் இருக்காது" என்றார். கிளாஸ் இல்லையென்றால் நானும் இல்லை. அதை அவர் சொல்ல வேண்டியதில்லை.

சிறுகதை எழுதி வரச் சொன்னேன். மறுநாள் வந்த கதை இது: "காட்டில் குடியிருக்கும் நரியாகிய நான் துரையவர்கள் சமூகத்துக்குப் பணிவுடன் எழுதிக்கொண்ட விண்ணப்பம் என்னவென்றால், ஆட்டுக்குட்டி கிடைக்காமல் குடும்பத்தோடு கஷ்டப்படுகிறேன்." மற்றவையும் அப்படித்தான். காக்கா, பேய், ராஜா எல்லாரும் அதிகாரிக்கு மனுப் போட்டிருந்தார்கள்.

"என்னடி இது?" என்று ஒருத்தியைக் கேட்டேன்.

"வூட்ல நைனா இப்டித்தான் எழுதிக்கினு கீறாரு டீச்சர். வேற எப்டி எழுதறது?"

வந்த கோபம் சிரிப்பாகிவிட்டது. சாயங்காலம் மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. யார், அவருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது எது, இதுவரை என்ன செய்து பார்த்தார் எல்லாம் மனுவிலேயே இருந்தன. முடிவு மட்டும்தான் இல்லை. அதை அதிகாரி தலையில் கட்டிவிடுகிறார்கள்.

பிறகு ஒரு நாளைக்கு ஒரு கேள்விதான். முதல் நாள் யார் என்று மட்டும் எழுதினார்கள். "நரி என்றால் எந்த நரி? நொண்டியா, திருடனா?" என்று பிடுங்கி எடுத்தேன். அடுத்த நாள் அதற்கு என்ன வேண்டும். அதற்கடுத்து தடை. எல்லாம் விறுவிறுவென்று நடந்தது, முடிவில் வந்து வண்டி நின்றது. "தங்கள் சித்தம்" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்கள். "இங்கே துரை யாரும் கிடையாது, நீதான் தீர்ப்புச் சொல்லணும்" என்று தொண்டை வற்றக் கத்தினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. நைனாவைப் பார்த்து எழுதிய அதே பெண்ணைப் பார்த்து வாசி என்றார். அவள் கதையில், சந்தையில் விற்ற எருமை திரும்பி வீட்டுக்கே வந்துவிடுகிறது; மகளுக்கு அதை விட மனமில்லை, அப்பாவோ வாக்குக் கொடுத்துவிட்டார். அவள் நன்றாகத்தான் வாசித்தாள். கடைசி வரியில் "இதற்குமேல் தங்கள் சித்தம்" என்றாள். என் உயிரே போய்விட்டது.

"தருவாத்த ஏமாயெ?" என்றார் இன்ஸ்பெக்டர். அப்புறம் என்ன ஆச்சு என்று நிஜமாகவே கேட்டார்.

திருப்பதிக்கு நேரமாகிறது, ஜீப் காத்திருக்கிறது என்று தலைமையாசிரியர் நினைவூட்டினார். இன்ஸ்பெக்டர் நகரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்காமல் நின்றேன். அதைவிடக் கஷ்டமான வேலை அந்த வருஷம் நான் செய்யவில்லை.

"நைனா புட்ச்சிக் குட்த்தாரு சார். மறுபடியும் வந்துட்ச்சி. அப்பால வாங்கினவரு வந்தாரு. எருமைய கட்டிக்கினு போவ கையில கயிறு எத்தினு வர்ல."

இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது. "கிளாஸ் இருக்கட்டும்" என்று தலைமையாசிரியரிடம் தெலுங்கில் சொல்லிவிட்டு, அவளிடம், "அதை எழுதும்மா" என்றார். வெளியே டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டேயிருந்தார். அவள் முற்றுப்புள்ளி வைக்கும்வரை இன்ஸ்பெக்டர் எழுந்திருக்கவில்லை.