எண்பத்தைந்து போதும்

பெரம்பலூரில் மகன் வீட்டு டி.வி.யில் கோல்ஃப் ஓடுகிறது. ஒரே ஆள் இந்த வருஷம் நான்காவது முறையாக முன்னால் நிற்கிறான். "அவனே ஜெயிச்சா யாரு தாத்தா பாப்பாங்க?" என்கிறான் பேரன். முன்பின் தெரியாதவன் ஜெயித்தால் மட்டும் அடுத்த வாரம் யார் பார்ப்பார்கள் என்பது என் கவலை. பந்து போன தூரத்தைத் திரையில் காட்டும்போதெல்லாம் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. நானும் ஒருமுறை தூரம் அளந்திருக்கிறேன்.

திருமானூரில் அப்போது காணும் பொங்கலன்று கொள்ளிடக் கரையில் கிட்டிப்புள் போட்டி நடக்கும். ஐந்து வருஷமாக என் சின்ன மாமாவுக்குத்தான் பரிசுக் குடம். புள் என்னும் சின்னக் கட்டையை அடித்தவர், அது விழுந்த தூரம் அடிக்கும் குச்சியான கிட்டியால் எத்தனை என்று முதலில் தானே கேட்க வேண்டும். பிறகு அந்தக் குச்சியாலேயே அளப்பார்கள். குறைத்துக் கேட்டால் கேட்டது கிடைக்கும். ஒன்று கூட்டிக் கேட்டாலும் அடி செல்லாது. ஒரே அடியில் அதிகம் எடுத்தவருக்குக் குடம். மாமாவின் கண்ணளவு தப்பியதே இல்லை. அளப்பவன் நான். பத்து வயதிலேயே கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிறவன் என்பதால் எதிராளிகளும் என்னை நம்பினார்கள்.

அந்த வருஷம் பெரியவர்கள், பார்க்க ஆளே வருவதில்லை என்று, கிட்டிப்புள்ளை நிறுத்திவிட்டு மாட்டுவண்டிப் பந்தயம் வைக்கலாம் என்று பேசிக்கொண்டதைக் கேட்டு, ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன்.

"எத்தன பேரு வந்துருக்காங்க மாப்ள?"

"நாப்பத்தொண்ணு. அதுல ஆறு பேரு வெத்தல வாங்க வந்தவங்க மாமா."

போன வருஷம் நூற்று முப்பது.

மீன்சுருட்டியிலிருந்து விருந்துக்கு வந்திருந்த புதுமாப்பிள்ளை ஒருவர் விளையாட்டாக இறங்கினார். கடைசி அடியில் எண்பத்துநான்கு எடுத்துவிட்டார். செய்தி பரவி, கடைத்தெருவே கரைக்கு வந்துவிட்டது. மாமாவுக்கு மிச்சம் ஒரே அடி. புள் பனைமரத்தையும் தாண்டிப் போய் விழுந்தது.

"எம்புட்டு கேக்குறீங்க மச்சான்? இல்ல, குடத்த இப்பவே தூக்கிக்கவா?" என்றார் மாப்பிள்ளை.

மாமா கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "தொண்ணூத்தேழு."

எண்பத்தைந்து போதுமே. குனிந்து அளந்துகொண்டே போனேன். தொண்ணூற்றாறு முடிந்து அடுத்ததை வைத்தபோது, குச்சி புள்ளை நான்கு விரல் தாண்டி நின்றது. வழியில் குச்சியைக் கொஞ்சம் கோணலாக வைத்திருந்தால் இன்னொன்று தேறியிருக்கும். மறுபடி முதலிலிருந்து அளந்தேன். அப்போதும் கை கோணவில்லை.

"தொண்ணூத்தாறு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்லவைத்தார்கள்.

மாப்பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரே ஆடியது. பேராசை பெருநஷ்டம் என்று மாமாவின் காதுபடவே சொன்னார்கள். அம்மாவும், தன் தம்பி என்றுகூடப் பார்க்காமல், அதையே சொன்னாள். என் வாயால் மாமா தோற்றார் என்று நான் அன்று சோற்றைத் தொடவில்லை. மாமாதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கடசியில எத்தன பேரு நின்னாங்க?"

பயத்தில் எண்ண மறந்துவிட்டேன் என்றேன். குடம் போனதற்கு வாடாத முகம் அதற்கு வாடியது.

அடுத்த பொங்கலுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் வரவில்லை. மீன்சுருட்டிக்காரரை மாமா எப்படி மடக்கப்போகிறார் என்று பார்க்க, விடிந்ததிலிருந்தே ஆட்கள் வந்து இடம் பிடித்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். அப்போதும் என் கவலையெல்லாம், மாமா இந்த முறையாவது பேராசைப்படாமல் கேட்க வேண்டுமே என்பதுதான்.