செபநாயகத்தாரின் விரல் ஓட்டை

"கண்ணாடி போடுறவன் கண்ணைப் பாவிக்கத் தெரியாதவன். என்ரை கண் சாகுமட்டும் வேலை செய்யும்!"

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில், ஐம்பது வயதை நெருங்கிய செபநாயகத்தார் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் வெளியிட்ட பிரகடனம் இது. மறுத்துப் பேச ஒருவருக்கும் தகுதி இருக்கவில்லை. கடலின் கடைசியில் பாய் ஒன்று நகத்தளவு தெரிந்தாலே, "உது கனிசியஸின்ரை வள்ளம், பாயிலை ஒட்டுப் போட்டிருக்கு" என்பார். ஒட்டு இருக்கும். கரையில் காத்து நிற்கும் பெண்கள் அதன் பிறகே மூச்சு விடுவார்கள்.

அந்தக் கண்ணை வணங்கத்தான் வேண்டும். முன்னால் உள்ள தெளிந்த படலம் ஒளியை வளைக்க, உள்ளே இருக்கும் வில்லை மிச்சத்தை வளைத்து, பின்சுவரான விழித்திரையில் கச்சிதமாகக் குவிக்கிறது. தூரத்துக்கு வில்லை மெலிந்து சும்மா இருந்தால் போதும். கிட்டப் பார்க்கத்தான் அது தடிக்க வேண்டும். வயது போக இறுகி, தடிக்க மறுக்கும். செபநாயகத்தாரின் வில்லையும் மறுத்தது. அவரோ அச்சுக்கூடத்தின் மேல் பழி போட்டார்.

"இப்ப எழுத்தைச் சின்னனாக்கிப்போட்டாங்கள்."

"அது பழைய புத்தகந்தானே?" என்றாள் மனைவி கத்தரீனா.

கோயில் பூசையில் வேதாகம வாசகம் வாசிப்பவர் அவர்தான். புத்தகம் வாரத்துக்கு வாரம் முகத்தை விட்டுத் தள்ளிப் போனது.

"உங்கடை கண்ணிலை பிழையில்லை. கைதான் கட்டை" என்றாள் கத்தரீனா.

அவர் அசரவில்லை. ஆட்காட்டி விரலைச் சுருட்டி, அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளால் பார்த்தால் எழுத்துத் தெளிவதைக் கண்டுபிடித்தார். சிதறி வரும் கதிர்களை வெளியே நிறுத்தி, நேரே வருவதை மட்டும் ஓட்டை உள்ளே விடுகிறது; வில்லைக்கு வேலை மிச்சம். வாசகம் அமோகமாக நடந்தது. அடுத்த ஞாயிறு முன்வரிசையில் நீக்கிலாப்பிள்ளையும் விரலைச் சுருட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு செபித்தார். புதுப் பக்தி என்று நினைத்துவிட்டார்.

பிறகு அற்புதராணி வந்தாள். அவள் புருசன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை.

"அண்ணை, அவரின்ரை முப்பத்தோராம் நாள் பூசைக்கு நீங்கள்தான் வாசிக்கோணும். வள்ளம் வருதோ எண்டு கடைசிமட்டும் பார்த்து நிண்டது நீங்கள்தானே."

"ஓம் பிள்ளை."

அன்று காலை மாரி இருட்டு. போரால் கறன்ற் இல்லாத ஊர். பீடத்தில் இரண்டு மெழுகுதிரி. செபநாயகத்தார் விரலைச் சுருட்டினார். ஓட்டைக்குள் கறுப்புத்தான் தெரிந்தது. அவ்வளவு சின்ன வாசலால் நுழைய அங்கே வெளிச்சம் போதவில்லை. முதல் வரியைத் தொடங்கினார், தடக்கினார், நிறுத்தினார். அற்புதராணி தலை நிமிர்ந்து காத்திருந்தாள்.

அவர் இறங்கி, பெண்கள் பக்கம் நடந்து, கத்தரீனாவிடம் கையை நீட்டினார். பாட்டுப் புத்தகத்துக்காக அவள் போட்டிருந்த, ஒரு காதுக்கம்பி உடைந்து நூலால் கட்டிய ரோசாநிறக் கண்ணாடியை வாங்கி மாட்டினார். திரும்பிப் போய், முதல் வரியிலிருந்து, ஒரு சொல்லும் தவறாமல் வாசித்தார்.