கடலிலிருந்து காணாமல் போன கட்டடம்

காலை 6.15. மன்னாரிலிருந்து சிலாவத்துறை போகும் பஸ் ஆறு மணிக்கே புறப்பட்டிருக்க வேண்டும். நடத்துனரோ தேநீர்க் கடையில் சாவகாசமாகக் கதைத்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் சும்மா இருக்கத் தெரியாத பிறவி நான். இரண்டு முறை இறங்கி, இரண்டு முறை ஏறினேன்.

படவரைஞனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு யாழ்ப்பாணத்தில் வீடு தேடி வந்த வேலை இது. வங்காலைக்கும் அரிப்புக்கும் இடையே, வெள்ளைக்காரன் காலத்து விமானத் தளம் ஒன்றின் இரண்டு மாடிக் கட்டடம் கடற்கரையில் நிற்கிறது. அதை ஆதிகால விமானங்களின் அருங்காட்சியகமாக்கப் போகிறார்கள். அறிக்கை நாளைக் காலை போயாக வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு பத்தி: சுவரின் நிறம்.

சென்ற மாதம் வந்தபோது கடலைப் பார்த்த மேல்மாடிச் சுவரைச் சுரண்டுவித்தேன். சுண்ணாம்புக்கு அடியில் மங்கிய பச்சை. உலக யுத்தத்தின்போது பூசிய அசல் நிறம்! சந்தோஷம் தலைக்கேறி, வெள்ளோட்டமாகச் சுவர் முழுக்கப் பச்சை பூசுவித்து, 'தொட்டால் சட்ட நடவடிக்கை' என்று பலகையும் மாட்டிவிட்டுப் போனேன்.

காலை 7.30. நறுவிலிக்குளம். பஸ்ஸுக்கு 110 ரூபா. அங்கிருந்து கடற்கரைக்கு நான்கு கிலோமீற்றர் மணல் பாதை. ஓட்டோவுக்கு 600 ரூபா. ஓட்டியவர் பெயர் அந்தோனி, நாற்பது வயதிருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக்கைத் தேடினார்.

"குறை நினையாதேங்கோ சேர். நான் ஓட்டோக்காரன் இல்ல. இது தம்பியின்ர. என்ர வள்ளம் பார்ல அடிச்சுக் கிடக்கு."

பார் என்பது கடலுக்கடியில் கிடக்கும் கல்மேடு. எப்படி அடித்தது என்று கேட்டேன்.

"பின்னேரம் திரும்பேக்க எங்களுக்கு ரெண்டு அடையாளம். கோயில் கோபுரமும் வெள்ளைக் கட்டடமும். ரெண்டும் ஒரே கோட்டில வந்தால் பாருக்கு நடுவில வழி. வருசா வருசம் திருநாளுக்குக் கோயிலுக்கு வெள்ளையடிச்சு மிஞ்சிற சுண்ணாம்பு அந்தச் சுவருக்குத்தான். இப்ப ஆரோ ஒரு விசரன் அதைப் பச்சையாக்கிப்போட்டுப் போயிட்டான். தொட்டால் பொலிசாம். பலகை வேற!"

வரைபடச் சுருளைக் காலுக்கடியில் தள்ளினேன்.

"ஜி.பி.எஸ். இல்லையோ?"

"பெரிய வள்ளக்காரரிட்ட இருக்கு. எங்களிட்டக் கண்தான் இருக்கு."

காலை 8.05. கட்டடத்தின் முன்னால் இறங்கினேன். பலகையின் கீழே என் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. இனி மறைத்து என்ன பயன்?

"அந்த விசரன் நான்தான், தம்பி."

அந்தோனி பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"மூண்டு மணிக்கு என்ர மச்சான்ர வள்ளத்தில வாங்கோ. வெயில் சுவரில நேரா விழட்டும். அப்பதான் நியாயம்."

மூன்று மணிவரை ஜன்னல்களை மறுபடியும் அளந்தேன். சென்ற மாத அளவுதான் வந்தது. ஜன்னல் வளரவா போகிறது? பிடரியில் அந்தோனியின் பார்வை ஒட்டிக்கொண்டே இருந்தது.

பிற்பகல் 3.25. கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றர். அந்தோனி இயந்திரத்தை நிறுத்தினார். "இப்ப காட்டுங்கோ, எங்க உங்கட கட்டடம்?"

கோயில் கோபுரம் தெரிந்தது. பனைகள் தெரிந்தன. கல் கல்லாக நான் வரைந்த கட்டடத்தை மட்டும் காணவில்லை. ஏதோ ஒன்றைக் கை காட்டினேன்.

"அது உடைமரப் பத்தை, சேர்." அவர் சிரிக்கவில்லை. "குண்டு போட வாறவனுக்குத் தெரியக்கூடாதெண்டு அண்டைக்குப் பூசினவை. இண்டைக்கு ஆருக்கு மறைக்கிறியள்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பும்போது நீண்ட தடியால் அடியைத் தட்டித் தட்டித்தான் வழி பார்த்தார். அப்படியும் ஒரு முறை வள்ளத்தின் அடி கல்லில் உரசியது. வள்ளத்தின் விளிம்பைப் பிடித்திருந்த என் கை கரைக்கு வரும்வரை விடவில்லை.

மாலை 4.20. என் பலகையை நானே கழற்றினேன். அந்தோனி கோயிலிலிருந்து இரண்டு வாளி சுண்ணாம்பு கொண்டுவந்தார். ஏணியில் அவர், கீழே நான். ஒரு மூலையில் மட்டும் கையகலப் பச்சையை விட்டோம், அருங்காட்சியகம் பார்க்க வருபவர்களுக்காக.

ஆனால் ஈரச் சுண்ணாம்பு உடனே வெளுப்பதில்லை. சுவர் இன்னும் சாம்பலாகவே இருந்தது. கடலில் ஆறு வள்ளங்கள் பாருக்கு அப்பால் தயங்கி நின்றன. அவற்றில் ஒன்றில், ஓட்டோவை அண்ணனிடம் விட்டுவிட்டுக் கூலிக்குக் கடலுக்குப் போன அந்தோனியின் தம்பி. நான் சுவருக்கும் கரைக்கும் இடையே நடந்துகொண்டிருந்தேன். 5.40 பஸ் போயிருக்கும். போகட்டும்.

"இருங்கோ சேர். நீங்கள் ஓடினாப்போல அது காயாது."

இருந்தேன். காற்று அடித்தது. மேல் விளிம்பிலிருந்து வெள்ளை மெல்ல இறங்கியது. முதல் வள்ளம் மூக்கைத் திருப்பியது. அதன் பின்னால் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன.

இரவு 7.30. மன்னார்ப் பாலத்தில் ஓட்டோ ஓடிக்கொண்டிருக்கிறது. விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு எரிகிறது. எங்கள் ஊரில் சுவருக்கு வெள்ளையடிப்பது பொங்கலுக்கு; அடிக்காவிட்டால் வீட்டில் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். மடியில் அறிக்கை. கடைசிப் பத்தியை இப்படி எழுதினேன்: அசல் நிறம், பச்சை. பூச வேண்டிய நிறம், வெள்ளை. காரணம், கட்டடம் இன்னும் வேலையில் இருக்கிறது.